கழுத்தில் ஐஸ் கட்டி ஜெயித்த விவரம்

அன்புள்ள மாப்பிள்ளை கருணாகரனுக்கு,

மயிலாப்பூரிலிருந்து மாமனார் கணேசமூர்த்தி தன் கையாலேயே எழுதுவது. நானும் சைக்கிள் ரிக்‌ஷாவும் நலம். கிண்டியில் நீங்களும் என் மகள் ஜெயபாரதியும் அதைவிட நலமாக இருக்க வேண்டும். முதியோர் பள்ளியில் எழுத்துக் கற்று ஆறு மாதம் ஆகிறது. இதுதான் என் முதல் கடிதம்.

அறுபத்தைந்து வயதில் எதற்கு வண்டி, வெயிலில் மூச்சு வாங்குகிறது, எங்களோடு வந்து இருங்கள் என்றீர்கள். நான் மறுத்தேன். எங்கள் ரிக்‌ஷா ஸ்டாண்டிலேயே வயதில் சின்னவனான வெள்ளைத்துரையோடு கோயில் குளத்திலிருந்து அடையாறு பாலம் வரை பந்தயம் ஓட்டி நான் ஜெயித்தால் நீங்கள் இனி வாயைத் திறப்பதில்லை, தோற்றால் வண்டியை விட்டுவிட வேண்டும் என்று நீங்களே நிபந்தனை போட்டீர்கள். ஜெயித்துவிட்டேன் மாப்பிள்ளை. என் வண்டியில் தினமும் வரும் டாக்டரம்மா அஃப்சருன்னிசா ஒரு விஷயம் சொன்னார். உடம்புச் சூடு ஏற ஏற, காலில் பலம் மிச்சம் இருந்தாலும் மண்டை ‘போதும்’ என்று உத்தரவு போட்டுவிடுமாம். அதனால்தான் வெயிலில் சீக்கிரம் களைப்பு வருகிறதாம். அப்படியானால் மண்டையை ஏமாற்றினால் போதும் என்று நான் ஊரூர் குப்பத்தில் மீன் விற்கும் தங்கத்திடம் போய், மீன் பெட்டி ஐஸ் கேட்டேன். ‘இன்னா தாத்தா, கெட்டுப் போவாம இருக்கவா?’ என்றாள். துண்டில் சுற்றிக் கழுத்தில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். மந்தைவெளி தாண்டும்போதே வெள்ளைத்துரைக்கு வேர்த்துக் கொட்டிக் கால் தளர்ந்தது. எனக்கோ மார்கழி மாதம் போல இருந்தது, மிதித்துக்கினே போறேன், பாலம் தானா எதிர்ல வருது. ‘நைனா, நீதான் கில்லாடி’ என்று அவனே ஒப்புக்கொண்டான்.

ஆகவே ஜெயபாரதி எனக்காகக் கட்டில் வாங்க வேண்டாம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் வீட்டில் எல்லாம் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
கணேசமூர்த்தி

பின்குறிப்பு: நான் மெதுவாக எழுதுகிறவன் என்பதால் மேலே உள்ளதைப் பந்தயத்துக்கு முந்தைய மூன்று நாளில் எழுதி வைத்தேன். பந்தயம் இன்று காலை முடிந்தது. கழுத்துக்கே இவ்வளவு பலன் என்றால் காலுக்கு எவ்வளவு என்று இரண்டு தொடையிலும் ஐஸ் கட்டினேன். மந்தைவெளியில் கால் கட்டை போல மரத்து, பெடல் இறங்கவில்லை. பாலம் வரை போய்த் திரும்பி வந்த வெள்ளைத்துரை, ‘ஏறிக் குந்து நைனா, வீட்ல வுட்டுர்றேன்’ என்றான். உடம்பு சூடாகக் கூடாது, ஆனால் உழைக்கிற சதை குளிரவும் கூடாது என்று டாக்டரம்மா இப்போதுதான் சொல்கிறார். வரும் ஞாயிறு தொடையைச் சும்மா விட்டு, கழுத்தில் மட்டும் கட்டி மறுபடியும் ஓட்டுகிறேன். மூன்று நாள் எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. அதனால் கடிதத்தை ஒரு வாரம் கழித்துப் படிக்கவும்.