கக்கூஸ் சாவியும் கண்ணீர் விட்ட வீடும்

தாராவியில் தண்ணீர்க் குழாயடியில் குடத்தால் அடித்துக்கொள்பவர்கள்கூடச் சண்டையில்லாமல் நின்ற வரிசை ஒன்று உண்டு. அது சாவிபாபாவின் வரிசை. சிலுவை, தாயத்து, விபூதி எல்லாம் தோளோடு தோள் உரசி நின்றன. பம்பாயில் கடவுளைவிடப் பெரியது வீடு அல்லவா!

பாபாவின் தொழில் எளிது. வீட்டுச் சாவியைச் சிவப்புத் துணியில் பொதிந்து கொண்டுவர வேண்டும். பிரித்துப் பார்த்தால் வீட்டுக்கு வெட்கம் வந்துவிடுமாம். அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு பாபா கண்ணை மூடுவார். பொட்டலம் வலப்பக்கம் சுற்றினால் வீடு கைமாறச் சம்மதம். இடப்பக்கம் சுற்றினால் சம்மதமில்லை. நூலைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் என்ன செய்கிறது என்று எவரும் பார்ப்பதில்லை. பக்தர்களும் கண்ணை மூடிக்கொள்வார்களே! பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டித் தருவதாகச் சொன்ன பில்டர் எப்போது ரூம் தருவார் என்று கேட்டால் மட்டும் நூல் அசையவே அசையாது. அந்த மட்டில் பாபா நேர்மையானவர்.

ஜோஸ்பினுக்கு இவரால் வயிறு எரிந்தது. அவளும் கணவன் ஜெப்ரியும் மரியஅந்தோணியிடம் ஒரு ரூம், அதாவது ஒற்றை அறை வீடு, வாங்க அக்ரிமெண்ட் போட்டிருந்தார்கள். மே மாதத்துக்குள் பதிவு செய்து சாவி தர வேண்டும். ஜூன் பாதி போய்விட்டது. இப்போது இருக்கும் வாடகை ரூமுக்கு வேறு ஆள் பேசியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலி செய்ய வேண்டும். வெளியே மழை, கையில் பால்குடிக் குழந்தை.

கேட்கப் போனால் மரியஅந்தோணி கைக்குட்டையை எடுத்துவிடுவார்.

"நானா மாட்டேங்கேன்? வீடுல்லா என்னைய விட மாட்டேங்கு! பாபா எத்தன தடவ கேட்டுட்டாவ. இடப்பக்கமே சுத்துது."

கூடுதல் விலை தருவதாக வேறொரு பார்ட்டி வந்த அன்றுதான் வீட்டுக்கு இந்தப் பாசம் பொங்கியது. அதையும் நம்ப ஒருவன் இருந்தான். ஜெப்ரிதான்.

"வீட்டு மனசு நோகக் கூடாது ஜோஸ்பின். பாபாட்ட சொல்லி ஒரு தேங்கா ஒடைப்பமா?"

"ஒங்க மண்டையில ஒடைங்க!"

சனிக்கிழமை அவளே பாபாவிடம் போனாள். பெயிண்ட் அடிப்பதற்காக மரியஅந்தோணி முன்பே கொடுத்த டூப்ளிகேட் சாவி அவளிடம் இருந்தது எல்லோருக்கும் தெரியும். சிவப்புப் பொட்டலத்தை நீட்டினாள்.

"கடைசியா ஒருவாட்டி கேளுங்க பாபா."

மரியஅந்தோணியும் கைக்குட்டையோடு வந்து நின்றார். பொட்டலம் இடப்பக்கம் சுற்றியது. செல்போன்கள் உயர்ந்தன.

"வீடு அழுவுது," என்றார் பாபா. "மல்லியப்பூ வாசம் வருது... உள்ள ஒரு பெரியவரு உக்காந்திருக்காவ. எந்திரிக்க மாட்டேங்காவ!"

கூட்டம் கும்பிட்டது. மரியஅந்தோணி மூக்கைச் சிந்தினார்.

"மல்லியப்பூவா? நல்லா மோந்து பாருங்க," என்று ஜோஸ்பின் பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்தாள். நீல ரிப்பன் கட்டிய துருப்பிடித்த சாவி ஒன்று விழுந்தது.

வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு ருக்சானா அலறினாள்.

"அல்லாவே! எங்க சால்ல அத்தன வீட்டுக்கும் பொதுவான கக்கூஸ் சாவில்லா இது! காலையிலருந்து தேடுதோம்! எங்க மாமி அங்க நெளிஞ்சிட்டு நிக்காவ!"

"மன்னிச்சிருங்கக்கா, நாந்தான் எடுத்தேன்," என்றாள் ஜோஸ்பின். "ஆனா பாபா சொன்னதுல ஒண்ணு நெசம். எப்பப் போனாலும் உள்ள ஒரு பெரியவரு உக்காந்துதான் இருப்பாவ. எந்திரிக்கவே மாட்டாவ."

சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. பாபா எழுந்து செருப்பைத் தேடினார்.

"என்னைய என்ன செய்யச் சொல்லுதிய? புதுப் பார்ட்டிட்ட பேசி முடிக்கிற வரைக்கும் இடப்பக்கமே சுத்தச் சொன்னது இந்த அண்ணாச்சிதான்!"

கைக்குட்டை உடனே பைக்குள் போயிற்று.

"அக்ரிமெண்ட்ல கையெழுத்துப் போட்டது வீடா, நீங்களா அண்ணாச்சி?" என்றாள் ஜோஸ்பின். "வக்கீல்ட்ட பேசிட்டேன். நோட்டீசு ஒங்க பேருக்குத்தான் வரும். செவுத்துக்கு வராது."

அன்று மாலையே அசல் சாவி வந்தது. திங்கட்கிழமை பதிவும் முடிந்தது. வீடு அழவில்லை, கூரை மட்டும் கொஞ்சம் ஒழுகியது.

கூட்டம் திருந்தியதா? பெரியவர் குடியிருக்கும் இடம் என்று கக்கூஸ் கதவுக்கு மாலை போட்டு ஊதுவத்தி ஏற்றினார்கள் சிலர். ருக்சானாவின் மாமியார் மாலையைப் பிய்த்தெறிந்துவிட்டு உள்ளே ஓடினார். கதவு எதற்கு இருக்கிறது என்று அன்று தெரிந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

செங்கல்லுக்கு வாயில்லை, ஐயா. சந்தேகமிருந்தால் அடுத்தமுறை கண்ணைத் திறந்துகொண்டு அந்தக் கட்டைவிரலைப் பாருங்கள்.