பால்குடத்துக்காகப் போட்ட மாத்திரை

டாக்டர்கள் "சிலருக்கு" என்று சொல்லும்போது அந்தச் சிலர் நாமாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி என்றே நினைத்துக்கொள்கிறோம். தானா ராத்தா டவுன் கிளினிக்கில் டாக்டரம்மா, "சிலருக்கு குமட்டல் வரும், வயிறு உப்பும், காரணமே இல்லாம அழுகை வரும்" என்று சொன்னபோது, பாவம் அந்தச் சிலர் என்று உள்ளுக்குள் பரிதாபப்பட்டுவிட்டு மாத்திரையை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

விஷயம் இதுதான். கல்யாணமாகிக் கிள்ளானிலிருந்து கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து எனக்குச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஒரு நாள் உபயம் எங்கள் வீட்டுடையது. அன்று புது மருமகள்தான் முதல் பால்குடத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் படி ஏற வேண்டும். ("டவுன் பொண்ணு, நாலு படி ஏறுனா நாக்குத் தள்ளுது" என்று தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்க ஏற்கெனவே பேச்சு.) இவர்கள் வாயை அடைக்க எனக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. நாட்காட்டியைப் பார்த்தால், என் மாதவிலக்கும் அதே நாளைத்தான் குறி வைத்திருந்தது.

தள்ளிப்போட மாத்திரை இருப்பதைத் தோழி ஒருத்தி சொன்னாள். மாமியாரிடம் இந்தப் பேச்சை எடுக்க எனக்குக் கூச்சம். கொழுந்து பறிக்கும்போது அத்தை ஒரு சரிவில் நின்று பேசினால் எதிர்ச் சரிவில் பதில் வரும், அப்படிப்பட்ட குரல். ரகசியம் தாங்காது. கணவர் சுரேஷிடம் மட்டும் சொன்னேன். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்தார். வாழ்க்கையில் அவர் காப்பாற்றிய ஒரே வாக்கு அதுதான். அதுவே வினையாகப் போனது.

மாத்திரை போட ஆரம்பித்ததும் அந்தச் "சிலர்" யாரென்று தெரிந்துவிட்டது. அத்தை நெத்திலி பொரித்தார், நான் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினேன். குமட்டலுக்கு இதமாக இருக்கிறதே என்று ஊறுகாய் மாங்காயைப் போத்தலோடு காலி செய்தேன். பக்கத்துத் திரிங்காப் ஊரிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மலையிறங்கிய லாரியைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதேன். அத்தனை கோஸும் பிறந்த இடத்தை விட்டுப் போகின்றனவே! (அன்றிரவும் கோஸ் பொரியல்தான். அழுதுகொண்டே இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.)

உபயத்துக்கு முதல் நாள் மஞ்சள் புடவைக்குத் தைத்த ரவிக்கையைப் போட்டுப் பார்த்தால், கொக்கி ஒரு பக்கம், வளையம் ஒரு பக்கம். வேறு வழியில்லாமல் அத்தையைக் கூப்பிட்டேன். மூச்சைப் பிடித்து இழுத்தவர் சட்டென்று நிறுத்தினார். என் வயிற்றைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"புள்ள, இந்த மாசம் தலைக்கு ஊத்துனியா?"

"இன்னும் இல்ல அத்த."

அவர் கண் கலங்கியது. "ஏம்மா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று என் கன்னத்தை வழித்து முத்தமிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலுக்குப் போய்விட்டார். அந்தக் குரலுக்குப் பிறகு தோட்டத்தில் தெரியாதவர்கள் யாரும் பாக்கியிருக்க வாய்ப்பில்லை.

மறுநாள் காலை முதல் பால்குடம் என் நாத்தனார் தலையில் இருந்தது.

"புள்ளத்தாச்சி குடம் தூக்கிப் படியேறக் கூடாதுலா. நீ உக்காரு" என்று பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தை என்னை உட்கார வைத்துக் கம்பளியால் மூடினார். பால்குடம் தூக்குவதற்காக மாத்திரை போட்டேன், மாத்திரை போட்டதால் பால்குடம் போனது. சுரேஷின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏங்க, நீங்களாவது உண்மையச் சொல்லுங்க!"

"நீதான யாருகிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்குன?"

அதற்குள் கோயில் தலைவர் மைக்கைப் பிடித்து, "நம்ம வீட்டு மருமக உண்டாயிருக்காங்க, ஆத்தா நல்லபடியா பெத்தெடுக்க வெக்கணும்" என்று அறிவித்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஓவென்று அழுதேன். "சந்தோசம் தாங்கலைலா, பாவம்" என்றார்கள் பெண்கள்.

மாத்திரையை நிறுத்திய சில நாளில், தள்ளிப்போட்டதற்கு வட்டியும் முதலுமாக மாதவிலக்கு வந்து சேர்ந்தது. இனி மறைக்க முடியாது என்று அத்தையைத் தேடிப் போனால், அவர் ரோஜா நிறக் கம்பளி நூலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சட்டை பின்னிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபோது வலித்த அளவுக்கு எந்தப் பக்கவிளைவும் வலித்ததில்லை. ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றேன்.

அத்தை பின்னல் ஊசியை மடியில் வைத்தார். பிறகு, "அந்த மாத்திரையா? தைப்பூசத்துக்கு இந்தத் தோட்டத்துல பாதிப் பொம்பளைங்க போடுறதுதான! எங்கிட்ட சொல்லியிருந்தா நானே கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருப்பேன்லா" என்றார். அதற்குமேல் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விக்கல் எடுக்கும்வரை சிரித்தார். நூல்கண்டு உருண்டு அடுப்படிக்குப் போயிற்று.

கதை அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த வருடத் திருவிழா நெருங்கும்போது எனக்கு மறுபடி குமட்டியது. இந்த முறை மாத்திரை எதுவும் போடவில்லை. அத்தையிடம் ஓடிப்போய்ச் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் வாணலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மாத்திரைய நிறுத்து, சரியாயிடும்."

"அத்த, சத்தியமா!"

"போன வருசந்தான் தப்பிச்சிட்ட. இந்த வருசம் ஒழுங்கா குடத்தத் தூக்கு."

தூக்கினேன். முதல் குடம், முழுப் படியும். போன வருடக் கதை தெரிந்த லயத்தில் ஒருவர்கூட "பாத்து ஏறும்மா" என்று சொல்லவில்லை.

திருவிழா முடிந்தும் குமட்டல் நிற்காததால் அத்தையோடு கிளினிக்குக்குப் போனேன். டாக்டரம்மா ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு சின்னப் பொட்டு துடித்தது. அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே குனிந்து பார்த்தார்.

"டாக்டர், நெசமாவா?"

"நெசந்தாம்மா."

என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அழகான வேறு பெயர் இருக்கிறது. தோட்டத்தில் அது யாருக்கும் தெரியாது. அங்கே அவள் பெயர் நெசம். இந்த வருடம் கோயில் கூட்டத்தில் அவளைக் காணாமல் "நெசம்! நெசம்!" என்று நான் கத்திக்கொண்டு போக, தோட்டத்துக்குப் புதிதாக வாழ வந்த பெண் ஒருத்தி, "இது என்னக்கா பேரு?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அத்தை அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அது பெரிய கதைலா. உக்காரு, சொல்றேன்."