நெய்னா முகம்மதுவின் டேக் வதம்

இது நடந்தது ஐம்பத்தாறிலா ஐம்பத்தேழிலா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அகராதியில் டேக் என்ற அந்த வினைச்சொல்லுக்கு நாற்பத்திரண்டு பொருள் போட்டிருந்ததா, முப்பத்தெட்டா என்பதும் நிச்சயமில்லை. நெடுநாள் மனத்துக்குள்ளேயே வைத்து உருட்டியதில் சில விளிம்புகள் தேய்ந்திருக்கும், சில புதிதாக முளைத்திருக்கும். ஆனால் நடந்தது நடந்ததுதான். அன்று நானும் அந்த வராந்தாவில் இருந்தேன்.

வாழ்க நெய்னா முகம்மது! பெரியபட்டினத்துப் பெருங்கரையின் புதல்வன், ஏழு தலைமுறையாகக் கடல் கடந்து சங்கும் கருவாடும் விற்று மீண்ட குலத்தின் கடைக்கொழுந்து, காற்றின் குறிப்பறிந்து பாய் விரித்த பாட்டன்மாரின் பேரன், தோணியில் ஒரு கால் வைத்த மாத்திரத்திலேயே உண்டதையெல்லாம் கடலரசனுக்குக் காணிக்கையாகத் திருப்பித் தரும் பெருங்கொடையாளன், வாழ்க! உப்புக்காற்றே, அவன் பொருத போரைச் சொல்ல என் நாவில் வந்து அமர்வாயாக. மெதுவாக வீசுவாயாக, அவனுக்குத் தலைசுற்றும்.

மண்டபம் என்ற கடற்கரை ஊரில் கப்பல் சரக்குகளைக் கணக்கெடுக்கும் ஆபீஸ் ஒன்றில் ஒரு எழுத்தர் வேலை காலியாக இருந்தது. அசையாத தரையில், அசையாத நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. அது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நெய்னாவின் தாய்மாமன் ஹமீது சுல்தான், தன் தோணியின் முனையில் நின்று ஊரறிய முழங்கினார்.

"இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு வர்ற வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிஞ்சதும் தோணி கொழும்புக்குக் கெளம்புது மாப்ள. அதுக்குள்ள வேலை ஆச்சுன்னா அல்ஹம்துலில்லாஹ். ஆகலையா, ஒரு வாளியைக் கையில பிடிச்சிக்கிட்டு ஏறிரு."

வேலைக்கும் அவனுக்கும் இடையில் ஒரே ஓர் அரக்கன் நின்றான். அந்த ஆபீஸின் ஹெட்கிளார்க் தங்கசாமி, வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார் என்பது கரை முழுக்கத் தெரிந்த விஷயம்: டேக் என்ற ஆங்கில வினையை முப்பது விதமாகப் பயன்படுத்திக் காட்டு. இருபத்தொன்பது சொன்னவனும் அவருக்கு ஒன்றும் சொல்லாதவனும் ஒன்றுதான்.

அந்த டேக் எப்பேர்ப்பட்டவன்! ஒரு கையால் நோயாளிக்கு மருந்து புகட்டுவான், மறு கையால் படம் பிடிப்பான். வந்தவனை நாற்காலியில் உட்கார வைப்பான், உட்கார்ந்தவனை விடைபெறச் செய்வான். ஆஃப் என்னும் ஆயுதத்தை ஏந்தினால் அதே மூச்சில் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி, தரையிலிருந்து விமானத்தைக் கிளப்புவான். ஓவர் சேர்ந்தால் பிறர் அதிகாரத்தைக் கைப்பற்றுவான், ஆஃப்டர் சேர்ந்தால் தகப்பன் முகத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பான். எங்கேயாவது கல்யாணம் நடந்தால் அதை நடத்துகிறவனும் அவனே, பிளேஸ் என்ற தோழனோடு. மூன்று பகல் நெய்னா அகராதியைத் தொடைமேல் வைத்துப் போர் புரிந்தான். முதல் நாள் எட்டுத் தலைகளை அறுத்தான். மறுநாள் காலையில் பார்த்தால் எட்டும் முளைத்து, பல் விளக்கி, அவனைப் பார்த்துச் சிரித்தன.

நான்காம் நாள் மனமுடைந்து கரைவலை இழுக்கப் போனான். கடலில் அரைவட்டமாக விரித்த வலையின் கயிற்றைக் கரையில் நின்று பத்திருபது பேர் பின்னோக்கி நடந்தபடியே இழுக்கும் தொழில் அது. கால் நனையாது, வயிறும் கலங்காது. பாட்டு எடுத்துக் கொடுக்கிற கூத்தையாவுக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. பாட்டில்லாமல் கயிறு நகரவில்லை.

"ஏலே நெய்னா, என்னத்தலே முனங்குற? பாட்டுன்னா சத்தமா எடு," என்றார் கூத்தையா கரகரத்த குரலில்.

"பாட்டு இல்லண்ணே, இங்கிலீசு."

"எதுவா இருந்தா என்ன, கயித்துக்குத் தெரியவா போகுது?"

நெய்னா தொடங்கினான். டேக் எ பாத்து, குளிக்கிறது! ஏலேலோ என்றது கூட்டம். டேக் எ சீட்டு, குந்துறது! ஏலேலோ. டேக் லீவு, பிரியுறது! ஏலேலோ. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இழுப்பு, ஓர் அடி பின்னால். அகராதிப் பக்கத்தில் அடங்காத அரக்கன் கயிற்றின் முறுக்கில் அடங்கினான். வலை கரையேறியபோது அதன் மடி நிறையச் சாளை மீன் துடித்தது. அதன் பிறகு பத்து நாளும் வேறு பாட்டை யாரும் அங்கே அனுமதிக்கவில்லை.

கூத்தையாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "ஏன்டா, வாந்தி எடுக்கிறதுக்கும் இந்தச் சொல்லுதானா?"

"அதுக்கு வேற சொல்லுண்ணே."

"பெறகு என்னடா பெரிய சொல்லு? நம்ம 'எடு'வுக்கு உறை போடக் காணாது."

போர்நாள் வந்தது. வெள்ளிக்கு முந்தைய நாள். மண்டபத்து ஆபீஸ் வராந்தாவில் கமுதியிலிருந்து வந்த மிளகாய்க் காட்டுக்காரர் மகன் குருநாதன், நான், இன்னும் இரண்டு பேர், துணைக்கு வந்த கூத்தையா. குருநாதன் பதினொன்று சொல்லி வெளியே வந்தான். நான் நான்கு. மற்ற இருவரும் என்னிலும் ஏழைகள்.

நெய்னா உள்ளே போனான். தங்கசாமி கேட்டார். நெய்னா வாய் திறந்தான். ஒன்றும் வரவில்லை. கடல் உள்வாங்கிய கரைபோல அவன் நெற்றி வெறிச்சோடிக் கிடந்தது. பத்து நாள் பயின்றதெல்லாம் நாவில் அல்ல, கையில் அல்லவா இருந்தது! கையோ காலியாக இருந்தது. நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அவன் கண்ணில் பட்டது கயிறு. வெள்ளைக்காரன் காலத்தில் உத்தரத்தில் மாட்டிய பெரிய துணிவிசிறி, இழுக்க ஆளில்லாமல் வருடக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. நெய்னா அதன் கயிற்றைப் பற்றினான். டேக் எ பாத்து, குளிக்கிறது! வராந்தாவிலிருந்து கூத்தையா தன்னையறியாமல், கட்டிய தொண்டையையும் மறந்து, இடிபோல் ஏலேலோ என்றார். டேக் எ சீட்டு! ஏலேலோ! விசிறி விழித்தது. காகிதங்கள் புறாக்கூட்டமாய் எழுந்தன. இழுத்தவன் கரைவலைக்காரனாகவே பின்னோக்கி நடந்தான், கதவைத் தாண்டினான், வராந்தாவுக்கு வந்தான்.

இந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கயிறு கரையேறும்போது யார் நின்றாலும் கை கொடுக்க வேண்டும், கை கொடுத்தவனுக்கு மீனில் ஒரு பங்கு உண்டு. கயிற்றைக் கண்டதும் எங்கள் கைகள் எங்களைக் கேட்கவில்லை. கூத்தையா பிடித்தார், நான் பிடித்தேன், மற்ற இருவரும் பிடித்தார்கள். வலையையே கண்டிராத குருநாதனும், ஐந்து பேர் இழுப்பதை ஒருவன் வேடிக்கை பார்ப்பது முறையல்ல என்று பிடித்தான். இருபத்தேழு! ஏலேலோ! இருபத்தெட்டு! ஏலேலோ! இருபத்தொன்பதாவது இழுப்பில் உத்தரத்துக் கொக்கி பெயர்ந்து, விசிறி தன் சட்டம், துணி, அரை நூற்றாண்டுத் தூசி, ஒரு குருவிக்கூடு சகிதமாக ஹெட்கிளார்க்கின் மேசைமேல் இறங்கியது.

தூசி அடங்கியபோது தங்கசாமி விபூதி பூசிய சிவனடியார்போல் அமர்ந்திருந்தார்.

"இருபத்தொம்போது," என்றார். "ஒண்ணு குறையுது."

நெய்னாவின் முகம் அப்போதே தோணியில் ஏறிவிட்டது.

கூத்தையா உள்ளே போனார். "சார், நீங்க எந்த ஊரு?"

"காரங்காடு. அதுக்கென்ன?"

"கடக்கரைக்காரகதான? வலை கரையேறிருச்சு. இழுத்த எங்களுக்குப் பங்கு எங்கன?"

"யோவ், என்னய்யா பங்கு? என் மண்டையில விழுந்ததுல பாதி தரவா?"

"எங்களுக்கு எதையாச்சும் குடுங்க. பாட்டு எடுத்தவனுக்கு ஒரு பங்கு கூடுதலா உண்டா இல்லையா, அதை மட்டும் உங்க வாயால சொல்லுங்க."

தங்கசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். ஆபீஸ் சட்டம் ஒரு பக்கமும், காரங்காட்டுக் கரைச்சட்டம் மறு பக்கமும் நின்று அவருக்குள் மோதிக்கொண்டிருந்தன. நாங்கள் கயிற்றை விடாமல் நின்றோம்.

"உண்டு," என்றார் கடைசியில். "ஒரு பங்கு கூடுதலா உண்டு. முப்பது." பிறகு பியூனைப் பார்த்து முழங்கினார்: "இழுத்தவங்க ஆறு பேருக்கும் டீ வாங்கிட்டு வா. ஆளுக்கு ரெண்டு வடை. தூசி துடைக்க எனக்கு ஒரு துண்டு."

மறுநாள் ஹமீது சுல்தானின் தோணி நெய்னா இல்லாமல் கொழும்பு போய், பதினெட்டாம் நாள் பத்திரமாகத் திரும்பியது. குருநாதன் கமுதிக்கே போய் மிளகாய் மண்டி வைத்து நன்றாக இருந்தான். கூத்தையாவின் தொண்டை சரியாகி அவர் பழைய பாட்டுக்கே திரும்பினார். எனக்கு அதற்கு இரண்டு வருடம் கழித்து ராமநாதபுரத்தில் ஒரு வேலை கிடைத்தது. தங்கசாமி ஓய்வுபெறும்வரை அந்த விசிறியை யாரும் திரும்ப மாட்டவில்லை. நெய்னா முகம்மது ஆபீஸுக்குப் பக்கத்துத் தெருவிலேயே வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக்கொண்டு தினமும் நடந்து போய் வந்தான்.