கனகசிங்கத்தின் வெண்கல வயிறு

வைக்கோலுக்குள் பெரிய வெண்கலச் சமையல் கிடாரத்தை மறைத்து மாட்டுவண்டியில் ஏற்றிய பிறகுதான் கனகசிங்கத்துக்கு மூச்சே வந்தது. மனைவி இலட்சுமிப்பிள்ளை, தங்கையின் பிள்ளைப்பேற்றுக்காகக் குருக்கள்மடம் போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் கிடாரம் உருகிச் சிலையாகிவிட வேண்டும். பிறகு நடப்பதைக் கண்ணகையம்மன் பார்த்துக்கொள்ளட்டும்!

சங்கதி இதுதான். அந்த ஆண்டு ஆரையம்பதிக் கொம்பு முறிப்பில் தென்சேரி வென்றுவிட்டது. வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, இரண்டு சேரியாரும் ஆளுக்கொரு பக்கம் கயிறு பிடித்து இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் ஒரு வருடத்துக்குத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. தோற்றுத் தோற்றே பழகியிருந்த தென்சேரிக்கு அன்று முன்கயிறு பிடித்து வென்று கொடுத்தவன் கனகசிங்கம். வடசேரிக்கு முன்கயிறு பிடித்துத் தோற்றவர் அவனுடைய மாமனார் அழகரத்தினம். தகப்பன் எந்தச் சேரியோ பிள்ளைக்கும் அதே சேரி என்பதால், இலட்சுமிப்பிள்ளையும் வடசேரிதான். வெற்றிக்குப் பிறகு ஒரு கிழமையாக அந்த வீட்டுச் சொதியில் உப்பில்லை.

உப்பில்லாவிட்டால் என்ன? கனகசிங்கத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் துரையின் மேசைமேல் ஓட்டக்காரன் ஒருவனின் வெண்கலச் சிலையைப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"ஓடினவனுக்கே சிலை இரிக்கெண்டா, இழுத்தவனுக்கு இரிக்கப்படாதா?" என்றான். தென்சேரி முழுவதும் ஓமென்றது.

கோயில் மணி வார்க்கும் கன்னார் வீரக்குட்டி, முழங்கால் உயரத்துக்கு மெழுகில் உருவம் பிடித்தார். கயிற்றைப் பிடித்துப் பின்னுக்குச் சாய்ந்த கோலம். கனகசிங்கம் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"வயித்தைக் கொஞ்சம் குறைங்க அண்ணே. வெண்கலமும் மிச்சமாகும்."

"வயித்தைக் குறைச்சா நீதானெண்டு ஆருக்கு விளங்கும்?"

வெண்கலத்துக்காகத் தென்சேரி ஆண்கள் வீடுவீடாகப் போனார்கள். பாதி வீடுகளில் மனைவிமார் வடசேரி. "எங்கட ஆக்களைத் தோக்கடிச்சதுக்கு எங்கட பானையைத் தரவா?" என்று அகப்பையோடு துரத்தினார்கள். கடைசியில் கிடைத்தது வெடித்துப்போன ஒரு படிக்கம்.

"வெத்திலை துப்பின சாமானிலயா என்னை வார்க்கிற?" என்று கனகசிங்கம் துள்ளினான். அப்போதுதான் வீட்டு அறை மூலையில் சாக்குப்போட்டு மூடியிருந்த வெண்கலக் கிடாரம் ஞாபகத்துக்கு வந்தது. "அதில கை வெச்சிராதீங்க, அப்பா வீட்டுச் சாமான்" என்று மனைவி சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். சாக்கை நீக்கிப் பார்த்தான். அடியில் ஒரு பொட்டுக் கரியில்லை.

'சீதனச் சாமானெண்டு அடுப்பிலயே ஏத்தாம வெச்சிரிக்காள். சும்மா கிடக்கிறதுதானே!' என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். அப்படித்தான் கிடாரம் வண்டியேறியது.

சிலை அருமையாக வந்தது, வயிறும் சேர்த்து. வெள்ளிக்கிழமை திறப்பதென்று முடிவாயிற்று. வியாழன் பின்னேரம் இலட்சுமிப்பிள்ளை வந்து இறங்கினாள்.

"இஞ்சாருங்க, நாளைக்கு அப்பா வாறார். அந்தக் கிடாரத்தைக் கொண்டு போகவாம்."

கனகசிங்கம் ஓடிப்போய் அறை வாசலை மறைத்து நின்றான். தந்த சீதனத்தைத் திருப்பிக் கேட்கிற மனுசனும் உண்டா? தோற்ற ஆத்திரம்தான், வேறென்ன! ஆனால் வீடு இலட்சுமிப்பிள்ளையின் பேரில் இருந்தது. மட்டக்களப்பில் புருசன் பெண்டாட்டி சண்டை முற்றினால், பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போக வேண்டியவன் புருசன்தான். அவனுக்கு அந்த வீட்டையும் பிடிக்கும், அவளை அதைவிடப் பிடிக்கும். மெல்ல ஒரு மண்பானையைக் கவிழ்த்துச் சாக்கால் மூடிவைத்தான்.

விடிந்ததும் அதே மாதிரி ஒரு கிடாரம் தேடிக் காத்தான்குடிக்கு ஓடினான். பாத்திரக்கடை உசனார் ஒரு கிடாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"இதே அச்சில ரெண்டு வந்த. ஒண்டு கொம்புக்கு முதல்நாள் போயிட்டு. மத்தது இதுதான். இரவல் தாறன், என்ன விசேசம் தம்பி?"

"அது... சிலை திறக்கிறமெல்லா, ஊருக்குப் பாயாசம் காய்ச்ச" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"மாஷா அல்லாஹ்! அப்ப நானும் வாறன்!"

உசனாரிடம் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி. வண்டி ஆரையம்பதிக்குள் நுழையும்போதே தென்சேரி இளந்தாரிகள் தேங்காயும் சர்க்கரையுமாய் நின்றார்கள். "அண்ணன் வாழ்க!" என்று கூவிக் கிடாரத்தைத் தூக்கிப்போய்க் கோயில் வாசலில் அடுப்பேற்றினார்கள்.

"டேய், இறக்குங்கடா! கரி புடிக்கும்!"

"கரி புடிக்காம என்ன பாயாசம் அண்ணே?"

பாயாசம் கொதித்தது. கிடாரத்தின் அடி அட்டக்கரியாயிற்று. வாசனைக்கு வடசேரியும் திரண்டு வந்தது, முன்னால் அழகரத்தினமும் இலட்சுமிப்பிள்ளையும். பட்டுத்துணியை விலக்கினார்கள், வெயிலில் வெண்கலக் கனகசிங்கம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு மின்னினான். ஒரே கரகோசம். அசல் கனகசிங்கமோ மாமனார் கண்ணில் படாமல் நழுவப் பார்த்தான்.

"மருமகன், வீட்ட போனன். சாக்குக்குள்ள மண்பானைதான் கிடக்கு. கிடாரம் எங்க?"

இனிப் பொய் சொல்லத் தெம்பில்லை. சிலையை நோக்கிக் கையை நீட்டினான். "அந்தா நிக்குது, மாமா. நீங்க மகளுக்குத் தந்த சீதனத்தை உருக்கிப்போட்டன். வீட்ட விட்டுப் போகச் சொல்லிராத, புள்ள!"

இலட்சுமிப்பிள்ளை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாளென்றே அவன் நினைத்தான்.

"சீதனமா?" என்றார் அழகரத்தினம். தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். மீசைக்குள் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "தூக்குங்கடா!"

வடசேரியார் பாய்ந்து சிலையைத் தோளில் ஏற்றினார்கள். பெண்களின் குரவை காதைப் பிளந்தது.

"ஏய்! எங்கட வெற்றிச் சிலையை எங்க கொண்டு போறீங்க?" என்று கனகசிங்கம் கத்தினான்.

பாயாசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த உசனார் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கட சிலையா? தம்பி, தாங்க கொம்பில வெண்டாப் பாயாசம் காய்ச்சவெண்டு வடசேரியார் கூட்டுச் சேந்து என்னட்ட வாங்கி, தோத்த வெக்கத்தில உன்ட வீட்டில ஒளிச்சு வெச்ச கிடாரம்தானே அது!"