குந்தரின் படகும் ஆர்வில்லின் மோட்டாரும்

சத்தியமாகச் சொல்கிறேன், இந்தக் கதையில் ஒரு சொல் பொய்யில்லை. மீனின் நீளத்தைக்கூட நான் கூட்டிச் சொல்லப்போவதில்லை. அன்றைக்கு மீனே மாட்டவில்லை.

ஆர்வில் ஊர்மன்ற வாசலில் நின்று, கோட்டின் மார்பில் இருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். 'நான் ஓட்டுப் போட்டேன்' என்றது ஸ்டிக்கர். ஓட்டுச்சாவடி மேசையில் இருந்த வெர்னா, அவர் வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்கியும் விடாமல், குழந்தைக்குப் பொட்டு வைப்பது போல அழுத்தி வைத்து அனுப்பியிருந்தார். விரலில் மை வைக்கிற ஊராக இருந்தால் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்ளலாம். விஸ்கான்சினில் நெஞ்சிலேயே ஒட்டிவிடுகிறார்கள்.

ஆர்வில் அன்று ஓட்டே போட்டிருக்கக் கூடாது. குந்தரிடம் கையடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

குந்தர் யானைச் சின்னக் கட்சி, ஆர்வில் கழுதைச் சின்னக் கட்சி. நாற்பது வருஷமாக ஒருவர் ஓட்டை இன்னொருவர் ஓட்டு விழுங்கிவந்தது. நாடு நடுவில் பிளந்துவிட்டதென்று தொலைக்காட்சி நாள் தவறாமல் அலறும். இருவரும் அவரவர் வீட்டில் அதைக் கேட்டு நெஞ்சு படபடத்துவிட்டு, ஒன்றாக ஆற்றுக்கு வந்து தூண்டில் போடுவார்கள். படகு குந்தருடையது. அதை ஓட்டும் மோட்டார் ஆர்வில்லுடையது. ஒருவரை விட்டு ஒருவர் கரையைத் தாண்ட முடியாது.

போன வாரம் குந்தர்தான் அந்த யோசனையைச் சொன்னார். "நீ போட்டா நான் கழிக்கிறேன், நான் போட்டா நீ கழிக்கிற. எதுக்குடா ரெண்டு வண்டி பெட்ரோல் எரியணும்? ரெண்டு பேருமே போகவேணாம். மீன் ஆத்துல ஏறி வர்ற நேரம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

தேர்தலன்று காலை காபி குடிக்கும்போது ஆர்வில்லுக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. குந்தர் நல்லவன்தான். ஆனால் யானைக் கட்சிக்காரன் ஆயிற்றே! அவன் மட்டும் போய்ப் போட்டுவிட்டால்?

மூன்றாம் பேருக்குத் தெரியாமல் கிளம்பிப் போனார். சீட்டை வாங்கினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், திருப்பி முதுகையும் பார்த்தார். பிறகு ஒரு வட்டத்தை அழுத்தி நிரப்பிவிட்டு வெளியே வந்தார்.

போன் அடித்தது. குந்தர்.

"எங்கடா இருக்க? உன் வீட்டு வாசல்ல நிக்கறேன். புழு செத்துக்கிட்டிருக்கு."

"பல் டாக்டர்கிட்ட."

"உனக்கேதுடா பல்லு? ராத்திரி கழட்டிக் கிளாஸ்ல போடறதுக்கு டாக்டர் என்னத்துக்கு?"

"அதைத்தான்டா... பாலிஷ் போடக் குடுத்தேன்."

ஸ்டிக்கர் கோட்டிலிருந்து பிய்ந்து கட்டைவிரலுக்கு வந்தது. காரில் ஏறி விரலை ஸ்டியரிங்கில் தேய்த்தார், ஸ்டியரிங்குக்குப் போனது. பிடுங்கி உதறியதில் காணாமலே போயிற்று. ஒழிந்தது சனியன் என்று பக்கத்து இருக்கையில் இருந்த நாயைத் தடவிக் கொடுத்தார்.

படகு பாதி ஆற்றுக்கு வந்ததும் குந்தர் அந்த நாயையே உற்றுப் பார்த்தார்.

"டேய், உன் நாய் ஓட்டுப் போட்டிருக்கு."

நாய் பெருமையாகக் காதை ஆட்டியது. காதில் ஸ்டிக்கர்.

"ரோட்ல கிடந்திருக்கும். இது எதையாவது மோந்துக்கிட்டே இருக்கும்."

"மூக்கால மோந்தது காதுல ஏறிடுச்சாக்கும்?"

"அப்போ டோரிஸோடதா இருக்கும். என் பொண்டாட்டி காலைல போய்ப் போட்டா."

"அவ ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே தபால்ல போட்டாச்சுன்னு என் வீட்டுல வந்து சொன்னாளே. தபால்காரனாடா ஸ்டிக்கர் ஒட்டறான்?"

ஆர்வில் தூண்டில் முள்ளைப் பரிசோதித்தார். முள் நன்றாகத்தான் இருந்தது.

"சத்தியம் பண்ணினியேடா" என்றார் குந்தர். குரல் இறங்கியிருந்தது. "ஜனவரியில ஊரோட பனிவாரி வண்டி படுத்துக்கிச்சு. உன் வாசலை இடுப்பளவு பனி மூடிக்கிச்சு. மண்வெட்டி எடுத்துக்கிட்டு யார்டா வந்தா? நீ கழுதைன்னு அப்ப நான் பார்த்தேனா?"

"நீ மட்டும் போகமாட்டேன்னு எனக்கு என்னடா நிச்சயம்?"

"இதான் உங்க கட்சி புத்தி!"

"எங்க கட்சி புத்தியா? உங்க யானை மட்டும்..."

"என் படகை விட்டு இறங்குடா!"

"தாராளமா இறங்கறேன். என் மோட்டாரோட இறங்கறேன்."

ஆர்வில் சொன்னபடியே செய்தார். மோட்டாரை அணைத்து, பிடியைத் தளர்த்தி, தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இறங்கத்தான் இடமில்லை, சுற்றிலும் ஆறு. படகு பக்கவாட்டில் திரும்பி, நீர் போன போக்கில் போக ஆரம்பித்தது. இருவருமே ஜெயித்திருந்தார்கள். குந்தரிடம் படகு முழுசாக இருந்தது. ஆர்வில்லிடம் மோட்டார் முழுசாக இருந்தது. அணைதான் நெருங்கிக்கொண்டிருந்தது.

குந்தர் துடுப்பை எடுத்து வலித்தார். வேர்த்துக் கொட்டியது. மறந்துபோய்க் கோட்டின் ஜிப்பை இழுத்துத் திறந்துவிட்டார்.

உள்சட்டையின் மார்பில் அதே ஸ்டிக்கர், ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

ஆர்வில் நிதானமாகக் கேட்டார்: "நீயும் பல் டாக்டர்கிட்டதான் போனியா?"

குந்தரின் முகம் கழுத்துவரை சிவந்தது. துடுப்பு நின்றது.

"உனக்காகத்தான்டா போனேன்" என்றார். "என் பேச்சைக் கேட்டு ஓட்டையே விட்டுக் குடுத்துட்டானேன்னு மனசு கேக்கலை. அதனால... உன் கழுதைக்கே போட்டுட்டு வந்தேன்."

ஆர்வில் அவர் கண்ணைப் பார்த்தார். குந்தர் தண்ணீரைப் பார்த்தார்.

"அதிசயமா இருக்குடா" என்று ஆர்வில் தொண்டையைச் செருமினார். "நானும் உன் யானைக்குத்தான் போட்டேன்."

இப்போது குந்தர் அவர் கண்ணைப் பார்த்தார். ஆர்வில் தண்ணீரைப் பார்த்தார்.

"அப்போ வழக்கம்போலக் கணக்குச் சரியாப் போச்சு."

"சரியாப் போச்சு."

கைகுலுக்கிக்கொண்டார்கள். அதற்குமேல் யாரும் யாரையும் குடையவில்லை. ஆர்வில் மோட்டாரைப் பழையபடி மாட்டினார். அது இருமியதே தவிரக் கிளம்பவில்லை. குந்தர் துடுப்பு வலிக்க, ஆர்வில் கையாலேயே தண்ணீரைத் தள்ள, படகு ஒருவழியாக ஊர்மன்றத்துக்குப் பின்னாலிருந்த படித்துறையில் போய் முட்டியது. அங்கே வெர்னா சாப்பாட்டு இடைவேளையில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். தண்ணீர்மேல் பேச்சு தூரம் போகும். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. கயிற்றைப் பிடித்துக் கட்டினார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன்யா, யானையும் கழுதையும் எங்கய்யா இருந்துச்சு? ஊருக்குப் புதுப் பனிவாரி வாங்கலாமா வேணாமான்னு சீட்டுல இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதானே இருந்துச்சு! ரெண்டு பேரும் 'வாங்கித் தொலைங்க'ன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேதானே வட்டத்தை நிரப்பினீங்க?"