பிஸ்தாவுக்கு ஊசி போட்ட விவரம்

சேவூர், ஆரணி
வியாழக்கிழமை

அன்பு மகள் பவித்ராவுக்கு அப்பா சந்திரமோகன் எழுதுவது. நான் நலம். அம்மா செவ்வாய்க்கிழமை வந்தவாசிக்கு அவள் அக்கா வீட்டுக்குப் போனாள், அவளும் நலம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் சின்னவரும் நலமாயிருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும். அதனால்தான் கடிதம்.

"நம்ம தெருவுல வெறிநாய் சுத்துதாமே, பிஸ்தாவுக்கு ஊசி போடலன்னா வளைகாப்புக்கே வரமாட்டேன்" என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பூனையை நீ இங்கே விட்டுப்போய்ப் பத்து நாள்தான் ஆகிறது. அம்மா வைத்தால்தான் சாப்பிடும், என் குரல் கேட்டாலே பரணுக்கு ஏறிவிடும். மஞ்சள் வாலைத் தவிர நான் அதை முழுசாகப் பார்த்ததேயில்லை. நேற்றுக் காலை தறிக்கு அடியில் படுத்திருந்தது. நெய்வதை நிறுத்திவிட்டு, துண்டைப் போட்டு அமுக்கி, ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு வீரபாகு வண்டியை எடுத்தான். பையை நடுவில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். முதல் வேகத்தடையிலேயே அவன் அலறினான்.

"அண்ணா, முதுகுல குத்தாதண்ணா!"

"நான் இல்லடா, பூனை!"

"அது பையில கீதுன்ன?"

"கை மட்டும் வெளிய வந்துகினு இருக்குது!"

கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரே கூட்டம். மூச்சு முட்டுமே என்று ஜிப்பை ரெண்டு விரல் அளவு திறந்தேன், அவ்வளவுதான், பாய்ந்து ஒரு பசுமாட்டின் முதுகில் போய் நின்றது, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது, மாட்டுக்காரர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார், எனக்கு எதுவும் காதில் விழவில்லை, வாசலில் பஸ் போகிற ரோடு, அது வெளியே ஓடிவிட்டால் உனக்கு என்ன பதில் சொல்வேன் என்று "பிஸ்தா! பிஸ்தா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். "கிலோ என்ன வெல?" என்று ஒருவர் கேட்டார். கடைசியில் மருந்து பீரோவுக்கு அடியில் புகுந்தது. வேட்டியோடு தரையில் படுத்து இழுத்தேன். முழங்கை வரை பிறாண்டிவிட்டது, ஆனால் நான் விடவில்லை. என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு தடதடவென்று அடித்தது பவித்ரா. பாவமாகப் போய்விட்டது.

டாக்டர் கீதா, உன் வயசுதான் இருக்கும், "பயப்படாதீங்க, நல்லா புடிச்சிக்கோங்க" என்றார்.

"நான் பயப்படலம்மா, அதுதான் நடுங்குது."

"அது சும்மாதாங்க இருக்குது. நடுங்குறது நீங்க."

ஊசி ஒரு நொடியில் முடிந்தது. பிறகுதான் என் கையைப் பார்த்தார். குழாயடியில் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். "பூனைக்கு அடுத்த வருஷம் வந்தா போதும். உங்களுக்கு நாலு தடவ." முதல் ஊசி நேற்றே போட்டாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் கோபித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். என் மடியிலேயே தூங்கிவிட்டது. கால் மரத்துப்போனது, நான் எழுந்திருக்கவில்லை. அதற்காக நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. அறுபத்தொரு வயசில் இது என்னால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையை அனுப்பி உன் பூனையை அழைத்துக்கொண்டு போ.

மாப்பிள்ளைக்கு என் ஆசி. நீ இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. வளைகாப்புச் சேலை தறியில் இன்னும் ஒரு முழம்தான் பாக்கி.

உன் அப்பா,
சந்திரமோகன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது அம்மா வந்து சேர்ந்தாள். என் மடியைப் பார்த்து, "யாருங்க இது?" என்றாள். உன் பூனை பரண் மேல் ஜாக்கெட் துணிப் பெட்டிக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு அதையும் கூட்டிக்கொண்டு போகிறேன். வீரபாகு வண்டி தரமாட்டேன் என்கிறான், பஸ்ஸில் போய்க்கொள்கிறேன். மாப்பிள்ளை வரவேண்டாம், ரெண்டும் இங்கேயே இருக்கட்டும். உன்னுடையதற்கு மட்டும் வேறு பேர் சொல்லி அனுப்பு. பிஸ்தா என்ற பேரில் ஏற்கெனவே ஊசி போட்டு அட்டை வாங்கியாயிற்று.