மேகம் விலகட்டும்

உலகத்தில் ‘கொஞ்சம் இருங்க’ ரகம் என்று ஒன்று உண்டு. கையில் கேமரா இருக்கும், பொத்தான்மேல் விரல் இருக்கும், படம் மட்டும் இருக்காது.

இந்த ரகத்தை அட்ரியன் முதன்முதலாகப் பக்கத்தில் பார்த்தது ஜோகூரின் ஸ்கூடாயில், தன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளில். பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டத்துப் பிள்ளை. குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். (தட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் மார்தட்டிக்கொண்டால் தப்பில்லை.) அந்த ‘இருங்க’ ரகத்து ஆள் வேறு யாருமில்லை, அம்மாவின் அண்ணன் மரியநாதன் மாமா. பிறந்ததிலிருந்து தெரிந்தவர்தான், கேமராவோடு பார்த்தது அன்றுதான்.

“போனையெல்லாம் உள்ள வைங்க. அதான் நான் இருக்கேன்ல” என்றார் மாமா. வைத்தார்கள். அதுதான் தப்பு.

மண்டப வாசலில், காலில் புதுச் சப்பாத்து கடிக்கக் கடிக்க அப்பாவும், சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்க அம்மாவும், நடுவில் அட்ரியனும் நிற்க, மாமா பார்த்தார்: வெயில் அதிகம், இருங்க; மேகம் வந்தது, வெளிச்சம் பத்தவில்லை, இருங்க; ஒரு மலாய்க் குடும்பம் குறுக்கே வந்து, பாட்டியிலிருந்து பேரன்வரை வரிசையாக நின்று, விதவிதமாக எடுத்து முடித்து, இடம் விட்டதற்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனது, இருங்க. அம்மா கண் சிமிட்டினாள்.

“ஏம்மா மலர், கண்ணு ஒரு நிமிஷம் சும்மா இருக்காதா?”

“நான் என்ன பொம்மையா லா, சிமிட்டாம நிக்க?”

அடுத்தது கென்னத். அட்ரியனின் அண்ணன், சிங்கப்பூரில் வேலை முடித்து வந்துகொண்டிருந்தான். “அவன் வந்துரட்டும், அப்பதான் முழுக் குடும்பம்” என்றார் மாமா. ஜோகூர்க்காரர்களே, நீங்களே சொல்லுங்கள்: சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் நிற்பவனை நம்பி யாராவது சோறாவது ஆக்குவார்களா? மாமா படத்தையே நிறுத்தி வைத்தார்.

ஜூபாவோ இரவல். அந்தக் கறுப்பு அங்கியை ஐந்து மணிக்குள் கவுண்டரில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அப்பா அதன் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அவன் கழட்டறதுக்கு முன்ன ஒரே ஒரு படம் மச்சான். வீட்டுல மாட்ட.”

“மாட்டுறதுக்கா? காலத்துக்கும் நிக்கிற மாதிரி எடுத்துத் தரேன். மேகம் விலகட்டும்.”

மேகம் விலகவில்லை, கொட்டியது. ஜோகூர் மழை யாரைக் கேட்டு வந்திருக்கிறது? மாமா சட்டென்று குடையை விரித்தார். பக்கத்தில் ஐலீன் அத்தை, கட்டிய பெண்டாட்டி, தலை முதல் கால்வரை நனைந்தார். கேமரா நனையவில்லை.

அப்போதுதான் தங்கை அமண்டா போனை வெளியே எடுத்தாள். “அண்ணே, இங்க பாரு.”

“இரு, தொப்பிய சரி பண்ணிக்கிறேன்” என்றான் அட்ரியன். சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஒரு மத்தியானத்தில் இவ்வளவு தொற்றுமா?

அவள் இருக்கவில்லை. எடுத்துவிட்டாள்.

தொப்பி கோணல். அம்மா தலைமேல் பூங்கொத்து, குடைக்குப் பதிலாக. அப்பா சான்றிதழ் உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மகனின் ஜூபாவுக்குள் பாதித் தலையைக் கொடுத்து, அட்ரியன் அதுவரை பார்த்தே இராத ஒரு சிரிப்புச் சிரிக்கிறார். கென்னத் வந்து சேர்ந்தபோது ஜூபா கவுண்டரையே பூட்டிவிட்டிருந்தார்கள். அந்தப் படம்தான் வீட்டுக் கூடத்தில், மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அப்பாவே காட்டுகிறார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் அம்மாவைக் கடைசியாக எப்போது படம் எடுத்தீர்கள்? “இருய்யா, முகம் கழுவிட்டு வரேன்” என்றார். நீங்களும் சரியென்று போனை உள்ளே வைத்துவிட்டீர்கள். அப்படித்தானே?

மரியநாதன் மாமா இப்போது கூலாயில், மகள் வீட்டில் இருக்கிறார். பேத்தி முதன்முதலாகக் குப்புற விழுவதை எடுக்க, நல்ல வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார். பேத்தி இப்போது ஓடுகிறாள்.